வெளிநாட்டு மாணவிக்குப் பேச்சுத்துணை: எந்தத் தமிழில் பேசுவது?

கேள்வி: ஓய்வுபெற்ற தமிழாசிரியை, மதுரை

அனைவருக்கும் வணக்கம். நான் மதுரையில் மேல்நிலைப் பள்ளித் தமிழாசிரியையாக 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள். என்னிடம் படித்த பெண் ஒருத்தி இப்போது கல்லூரியில் விரிவுரையாளராக இருக்கிறாள். அமெரிக்காவிலிருந்து தமிழ் படிக்க வந்திருக்கும் ஒரு மாணவிக்கு வாரம் இரண்டு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் பேச்சுத்துணையாக இருக்க இயலுமா என்று அவள்தான் கேட்டாள். இலக்கணமும் பாடமும் வகுப்பில் நடந்துவிடும், நீங்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் போதும் என்றாள். பேசியே சம்பளம் வாங்கியவளுக்கு இது என்ன பெரிய காரியம் என்று நானும் ஒப்புக்கொண்டேன். ஐந்து சந்திப்புகள் முடிந்திருக்கின்றன. இது எனக்குத் தெரியாத வேலையோ என்று இப்போது தோன்றுகிறது.

அந்தப் பெண்ணுக்கு 23 வயது. தன் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டுகள் தமிழ் படித்துவிட்டு வந்திருக்கிறாள். முதல் நாள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "தங்கள் இல்லம் மிகவும் அழகாக இருக்கிறது" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. என்னிடம் படித்த பிள்ளைகளில் ஒருவர்கூட 'இல்லம்' என்ற சொல்லைத் தேர்வுத்தாளுக்கு வெளியே பயன்படுத்தி நான் கேட்டதில்லை. மகிழ்ச்சியில் நானும் நூல்நடையிலேயே பதில் சொல்ல, அந்த ஒரு மணி நேரமும் நாங்கள் இருவரும் வானொலியில் செய்தி வாசிப்பவர்களைப் போலப் பேசிக்கொண்டிருந்தோம்.

இரண்டாம் நாள் அவள் முகம் வாடி வந்தாள். ஆட்டோக்காரரிடம், "நான் காந்தி அருங்காட்சியகத்திற்குச் செல்ல விரும்புகிறேன்" என்று சொன்னாளாம். அவர் பக்கத்து ஆட்டோக்காரரையும் கூப்பிட்டு, இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறார். கேலி செய்யும் நோக்கம் அவருக்கு இருந்திருக்காது. ஆனாலும் அவளுக்கு அது சுருக்கென்று தைத்திருக்கிறது. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "என்னக்கா, ரேசன்ல சீனி போடுறாங்களாம், வாங்கிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மாணவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தமிழுக்குத் தமிழிலேயே உரை சொல்ல வேண்டியதாயிற்று.

இதைவிடப் பெரிய கவலை, திருத்தும் பழக்கம் என்னை விடாததுதான். "நான் தமிழ் தெரியும்" என்றால், "எனக்குத் தமிழ் தெரியும்" என்பேன். "இரண்டு தங்கை இருக்கிறது" என்றால் உடனே நிறுத்திவிடுவேன். ஒவ்வொரு முறையும் நன்றி சொல்லிக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறாள். ஆனால் நான்காம் சந்திப்பிலிருந்து அவள் பேசுவதே குறைந்துவிட்டது. வீட்டிலேயே வாக்கியங்களை எழுதி மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பிக்கிறாளோ என்ற ஐயமும் எனக்கு உண்டு. இதற்கிடையில் பதினோராம் வகுப்புப் படிக்கும் என் பேரன் குறுக்கே வந்து ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசினால் அவள் முகம் மலர்ந்துவிடுகிறது. எனக்குச் சற்றுப் பொறாமையாகவே இருக்கிறது என்பதை ஒளிக்கவில்லை.

நான் அவளிடம் எந்தத் தமிழில் பேச வேண்டும்? பிழைகளைத் திருத்துவதா, விட்டுவிடுவதா? பேசுவதற்குப் பொருள் எங்கே தேடுவது? இத்தகைய அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: தல்லாகுளத்து வீட்டுக்காரி

அக்காவுக்கு வணக்கம். மதுரையில் அமெரிக்க இந்திய ஆய்வு நிறுவனத்தின் தமிழ் வகுப்புகள் பல ஆண்டுகளாக நடந்துவருவதால், கோடை வகுப்புக்கு வரும் பிள்ளைகளும் கல்வியாண்டு முழுவதும் தங்கிப் படிக்கும் பிள்ளைகளும் எங்கள் பகுதிக்குப் புதியவர்கள் அல்லர். எங்கள் மாடியறையில் அப்படி நான்கு பேர் வெவ்வேறு ஆண்டுகளில் தங்கியிருக்கிறார்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். இலக்கணம் தெரியாதது இந்த ஒரு வேலையில் எனக்குக் கைகொடுத்தது என்று சொன்னால் நீங்கள் வருத்தப்படக் கூடாது.

எதிரெதிராக நாற்காலி போட்டு உட்காருவதை முதலில் நிறுத்துங்கள். அப்படி உட்கார்ந்தால் அது நேர்காணல் ஆகிவிடும். ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் பதில் சொல்ல வேண்டும், இரண்டு பேருக்கும் பத்தே நிமிடத்தில் சரக்குத் தீர்ந்துவிடும். கையில் ஒரு வேலை இருக்கட்டும். முருங்கைக்கீரை உருவுங்கள், பூக் கட்டுங்கள், துவைத்த துணியை மடியுங்கள். கை வேலையாக இருக்கும்போது பேச்சு நடுவில் நின்றாலும் அந்த அமைதி யாரையும் உறுத்தாது. அவள் அடுத்த சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் முந்திக்கொண்டு எடுத்துக் கொடுக்கவும் மாட்டீர்கள். என்னிடம் இருந்த ஒரு பெண், "இந்தக் கீரையில் காம்பு எவ்வளவு விடலாம்?" என்று கேட்பதற்கு அரை நிமிடம் எடுத்துக்கொண்டாள். நான் காத்திருந்தேன். அந்த வாக்கியம் அவளுக்கு இன்றைக்கும் மறந்திருக்காது.

ஒரு வாரம் அவளை அண்ணா நகர் உழவர் சந்தைக்குக் கூட்டிப் போங்கள். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999இல் அங்கேதான் திறக்கப்பட்டது என்பதைப் போகும் வழியில் சொல்லலாம். ஆனால் நான் அங்கே அழைத்துப் போவது வேறு காரணத்துக்காக. விலைப்பட்டியல் பலகையில் எழுத்துத் தமிழ் இருக்கும், கடையில் பேச்சுத் தமிழ் இருக்கும், இரண்டுக்கும் பொருள் ஒன்றேயாக இருக்கும். பலகையில் 'கத்தரிக்காய்' என்று படித்துவிட்டு, "கத்திரிக்கா எவ்வளவு?" என்று கேட்க அவளே பழகிவிடுவாள். காலே அரைக்கால் என்று பழைய கணக்கெல்லாம் வேண்டாம். கால் கிலோ, அரை கிலோ, முக்கால் கிலோ, அவற்றோடு "முப்பத்தஞ்சு" என்பது தயங்காமல் வாயில் வந்தால் போதும்.

அவளை நீங்கள் எப்படி அழைக்கிறீர்கள் என்று எழுதவில்லை. மரியாதைக்காக 'நீங்கள்' என்று சொல்லிக்கொண்டிருந்தால் தயவுசெய்து மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் வயதுக்கு 'நீ' என்பதுதான் உரிமை. நான் முதலில் வந்த பெண்ணை 'வாங்க, போங்க' என்றே கூப்பிட்டேன். ஆறு மாதம் கழித்துத் தெருவில் விளையாடும் குழந்தை, "நீ எங்க போற?" என்று கேட்டபோது அந்த வினைமுடிவு அவளுக்குப் பிடிபடவில்லை. ஒருமையில் யாருமே அவளிடம் பேசியிருக்கவில்லை! 'நீ' என்பதை யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக் கூடாது என்பதையும் அதோடு சேர்த்தே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பேராசிரியரிடம் போய்ச் சொல்லிவிடுவார்கள். அதுவும் நடந்திருக்கிறது.

கல்யாணம், சம்பளம், சாதி இந்த மூன்றையும் நம் சனங்கள் முதல் ஐந்து நிமிடத்தில் கேட்டுவிடுவார்கள். நீங்கள் கேட்காமல் இருக்கலாம். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்காமல் இருக்க மாட்டார். கோபித்துக்கொள்ளாமல் நழுவிச் சிரிக்க நாலு பதில்களைச் சொல்லிக் கொடுங்கள். "அம்மாதான் பாக்குறாங்க" என்ற ஒரே வாக்கியத்தை வைத்து ஒரு பெண் ஒன்பது மாதம் ஓட்டினாள்.

மறுமொழி 2: மொழியியல் மாணவன், புதுச்சேரி

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். எந்தத் தமிழ் என்ற கேள்விக்கு மட்டும் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

வெளியிலிருந்து வந்து தமிழ் கற்றவர்கள் எல்லோரும் இந்தச் சிக்கலில் இடறியிருக்கிறார்கள். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும், மக்கள் வழங்கும் தமிழுக்குத் தனியே ஓர் இலக்கணமும் இலத்தீனில் எழுதினார். பின்னதன் ஆண்டு 1728. இரண்டையும் ஒரே நூலில் அடக்கிவிட முடியாது என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருந்தது. நம் பள்ளிக்கூடங்களோ இன்றைக்கும் பேச்சு வழக்கைப் 'பிழை' என்ற ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகின்றன. உங்கள் மாணவிக்கு அது பிழை அன்று. அவள் கடல் தாண்டி வந்தது அதைக் கேட்பதற்காகத்தான்.

பேச்சுத் தமிழ் ஒழுங்கில்லாத சிதைவு என்று அவள் நினைத்துவிடாமல் நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு உங்களைவிடத் தகுந்தவர் கிடைப்பது அரிது, ஏனென்றால் இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விதியைக் காட்ட உங்களால் முடியும். 'படித்தேன்' என்பது 'படிச்சேன்' ஆகிறது, 'வைத்தேன்' என்பது 'வச்சேன்' ஆகிறது. ஆனால் 'எடுத்தேன்' என்பது 'எடுச்சேன்' ஆவதில்லை. முன்னால் இகரமோ ஐகாரமோ நின்றால்தான் தகரம் சகரமாகத் திரிகிறது. 'தெரிந்தது' என்பது 'தெரிஞ்சது' ஆவதும், 'நடந்தது' மாறாமல் நிற்பதும் அதே கணக்கில்தான். 'இலை' என்பது 'எலை' ஆகும், 'உடம்பு' என்பது 'ஒடம்பு' ஆகும். ஆனால் 'கிளி' கிளியாகவும் 'புலி' புலியாகவுமே இருக்கும், ஏனெனில் அடுத்து வரும் உயிர் அகரமோ ஐகாரமோ ஆனால்தான் முதல் உயிர் கீழிறங்குகிறது. 'நேற்று', 'காற்று' என்பவை 'நேத்து', 'காத்து' என ஆவதை அவளே கண்டுபிடித்துவிடுவாள். இப்படி ஏழெட்டு விதிகள் கைவந்தால், பக்கத்து வீட்டுக்காரரின் பேச்சில் பாதி அவளுக்குத் தானே திறந்துகொள்ளும். ஆனால் இவற்றை ஒரே நாளில் பாடமாக நடத்திவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கை துறுதுறுக்கும்.

ஒலிப்பைப் பற்றி ஒரு வேடிக்கை. அமெரிக்க ஆங்கிலத்தின் ரகரம் நாவை வளைத்து ஒலிக்கப்படுவதால் நம் ழகரத்துக்கு மிகவும் நெருங்கியது. ஆகவே அந்தப் பெண் 'வாழைப்பழம்' என்று திருத்தமாகச் சொல்ல, பழக்கடைக்காரர் 'வாளப்பளம்' என்று பதில் சொல்வார். அவளுக்கு உண்மையில் கடினமாக இருக்கப்போவது தகரமும் டகரமும். ஆங்கிலத்தின் ஒலி இரண்டுக்கும் நடுவில் விழுவதால் காதும் ஏமாறும், நாவும் ஏமாறும். அதற்கடுத்தது ஒற்று இரட்டித்தல். 'படம்' என்பதற்கும் 'பட்டம்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லால் விளக்குவதைவிட இரண்டையும் கேட்க வைப்பது மேல். 'நாங்க', 'நாம' என்ற வேறுபாடும் ஆங்கிலத்தில் இல்லை. "நாங்க சாப்பிடப் போறோம்" என்று உங்களிடமே சொல்லிவிட்டு, நீங்களும் எழுந்து வருவீர்கள் என்று அவள் காத்துக்கொண்டிருக்கக்கூடும்.

திருத்துவதைப் பற்றி ஒரு செய்தி. பிழையை நிறுத்திச் சுட்டிக்காட்டாமல், சரியான வடிவத்தை நம் பதிலுக்குள் இயல்பாகத் திருப்பிச் சொல்வது மென்மையான வழி என்று எல்லோரும் சொல்வார்கள். கனடாவில் பிரெஞ்சு வழிப் பயிற்சி வகுப்புகளை ஆராய்ந்த ராய் லிஸ்டரும் லைலா ரந்தாவும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்கள் மிகுதியாகக் கையாண்ட வழி அதுதான் என்றும், மாணவர்கள் தம் பிழையைத் தாமே திருத்திக்கொள்ள மிகக் குறைவாக உதவிய வழியும் அதுதான் என்றும் கண்டார்கள். பிள்ளைகள் அதைத் திருத்தம் என்று எடுத்துக்கொள்ளாமல் போயிருக்கலாம். ஆசிரியர் தம் பேச்சை ஆமோதிக்கிறார் என்றே நினைத்திருக்கலாம். ஆகவே ஒரு சந்திப்புக்கு ஒரே ஒரு பிழையைத் தேர்ந்தெடுங்கள். 'எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு வேணும்' என்ற கூட்டத்தை இந்த வாரத்துக்கு வைத்துக்கொண்டால், அது தவறும்போது மட்டும் புருவத்தை உயர்த்தி நிறுத்துங்கள். மற்றவை போகட்டும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் தமிழில் பணிசெய்யும் அளவுக்குத் தேர ஏறத்தாழ 44 வாரங்கள், 1100 வகுப்பு மணி நேரம் தேவை என்று அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் கணக்கிடுகிறது. உங்களிடம் இருப்பது வாரத்துக்கு இரண்டு மணி. எல்லாப் பிழைகளையும் அதற்குள் களைவது ஆகிற காரியமா?

மறுமொழி 3: நெல்லையிலிருந்து

மேலே உள்ள இருவரோடும் எனக்கு ஓரளவே உடன்பாடு. மதுரையின் 'அங்கிட்டு, இங்கிட்டு' என்பதை மட்டும் படித்துக்கொண்டு அந்தப் பெண் எங்கள் ஊருக்கு வந்தால் மீண்டும் விழிப்பாள். யாழ்ப்பாணத்தாரைச் சந்தித்தால் மறுபடியும் தொடக்கத்திலிருந்து தொடங்குவாள். எல்லா ஊர்த் தமிழரும் தயங்காமல் புரிந்துகொள்ளும் தமிழ் எழுத்துத் தமிழ் ஒன்றுதான். ஆட்டோக்காரர் சிரித்தார் என்பது உண்மை. அவளுக்கு எங்கே போக வேண்டும் என்பதும் அவருக்கு ஒரே தடவையில் புரிந்துவிட்டது என்பதும் உண்மை. 31 ஆண்டு கற்பித்த ஒருவர் தம் பயிற்சியைத் திண்ணையில் வைத்துவிட்டு வர வேண்டும் என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஒரு மணி நேரத்தில் கடைசிக் கால் மணியையாவது செய்தித்தாளோ சிறுகதையோ வாய்விட்டுப் படிக்க ஒதுக்குங்கள். கீரை உருவ யாரிடம் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம்.

மறுமொழி 4: ஹைடல்பெர்க்கில் படித்தவன்

மறுபக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். முதுகலைப் படிப்புக்காக ஜெர்மனிக்குப் போனபோது எனக்கு ஜெர்மன் மொழி பேச வராது. அங்கே 'டாண்டெம்' என்று ஒரு வழக்கம் உண்டு. பிரெஞ்சு, ஜெர்மன் இளைஞர்களுக்கிடையே 1960களில் நடந்த பரிமாற்றச் சந்திப்புகளிலிருந்து வளர்ந்த முறை அது. ஒருவர் மொழியை மற்றவர் கற்பார், பாதி நேரம் ஒரு மொழி, பாதி நேரம் மற்றொரு மொழி, பணம் கிடையாது. ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய நிறுவனத்தில் தமிழ் கற்பிக்கிறார்கள் என்பதால், தமிழ் படிக்கும் ஒரு ஜெர்மன் மாணவரே எனக்கு இணையாகக் கிடைத்தார்.

முதல் மாதம் வீணானது. இருவருக்கும் ஆங்கிலம் தெரியும் என்பதே அதற்குக் காரணம். இருவரும் சற்றே தடுமாறினால் ஆங்கிலம் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருக்கும், நாங்களும் உள்ளே நுழைந்துவிடுவோம். பிறகு அவர்தான் கைப்பேசியில் அரை மணி நேரத்துக்கு மணி வைத்தார். மணி அடிக்கும் வரை ஜெர்மன், அடித்த பின் தமிழ், நடுவில் ஒருவர் ஆங்கிலத்தில் பேசினால் மற்றவர் காது கேளாதவர்போல் இருந்துவிட வேண்டும். கேட்பதற்குச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும், ஆனால் பலித்தது.

ஆசிரியை அவர்களே, உங்கள் பேரனை விரட்டிவிடாதீர்கள். அவனுக்கு ஆங்கிலம் பேசிப் பழக ஆசை, அவளுக்கும் நாள் முழுதும் தடுமாறிவிட்டு மூச்சு விட ஓர் இடம் வேண்டும். சந்திப்பு முடிந்த பின் பதினைந்து நிமிடம் அவனுக்கு என்று வரையறுத்துவிடுங்கள். எதையும் பெறாமல் கொடுத்துக்கொண்டே இருப்பவரிடம் கற்க வருபவருக்கு ஒரு கூச்சம் உண்டு. பேரனுக்கு அவள் ஏதோ கொடுக்கிறாள் என்று ஆனால் அந்தக் கூச்சம் குறையும்.

நெல்லைக்காரருக்கு ஒரு சொல். நான் படித்த ஜெர்மன் பாடநூலில் 'நான்' என்பதற்கு 'இக்' என்பதற்கும் 'இஹ்' என்பதற்கும் நடுவே நம் எழுத்தில் பிடிபடாத ஓர் ஒலியைக் கற்றுக்கொடுத்தார்கள். ஹைடல்பெர்க் ரொட்டிக் கடையில் எல்லோரும் 'இஷ்' என்றார்கள். நான் பாடநூல் ஒலியையே கடைசிவரை வைத்துக்கொண்டேன். ஆனால் 'இஷ்' காதில் பழகாமல் ஒரு ரொட்டிகூட வாங்கியிருக்க முடியாது. வாய்க்கு ஒரு தமிழ் போதும், காதுக்கு நாலு தமிழ் வேண்டும்.

மறுமொழி 5: முன்னாள் மாணவி, சிகாகோ

எல்லோருக்கும் என் வணக்கம். தமிழ் என் தாய்மொழி அன்று. நான் மதுரையில் ஓர் ஆண்டு தங்கித் தமிழ் கற்றேன். இப்போதும் எனக்கு எழுதுவது எளிது, பேசுவது கடினம். ஆகவே இந்த இழையைப் படித்தபோது சிரிப்பும் கொஞ்சம் கண்ணீரும் வந்தன. நானும் ஓர் ஆட்டோக்காரரிடம் "செல்ல விரும்புகிறேன்" என்று சொன்னவள்தான்.

ஆசிரியை அவர்களுக்கு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். உங்கள் மாணவி வாக்கியங்களை மனப்பாடம் செய்து வருகிறாள் என்றால், அவள் உங்களுக்குப் பயப்படுகிறாள் என்று பொருள் இல்லை. உங்களுக்கு ஏமாற்றம் தரக் கூடாது என்று நினைக்கிறாள். நான் அப்படித்தான் செய்தேன். என் பேச்சுத்துணையாக இருந்த அம்மா நான் பேசி முடித்ததும் "எவ்வளவு அழகா பேசுற!" என்று பாராட்டுவார். அந்தப் பாராட்டு அடுத்த முறை கிடைக்காமல் போய்விடுமோ என்று, எனக்குத் தெரிந்த வாக்கியங்களை மட்டுமே பேசத் தொடங்கினேன். அவர் ஒரு நாள் பாராட்டாமல், நான் சொன்ன ஒரு செய்தியைக் கேட்டு, "அட, பெறகு என்ன ஆச்சு?" என்று கேட்டார். அவர் என் தமிழைக் கேட்கவில்லை, என் கதையைக் கேட்டார். அன்றைக்கு நான் எத்தனை பிழை செய்தேன் என்று எனக்கே தெரியாது.

இன்னொன்றும் உண்டு. என்னிடம் பேசிய எல்லோரும் என்னிடம் மெதுவாக, தெளிவாகப் பேசினார்கள். அதனால் அவர்கள் பேசியது எனக்குப் புரிந்தது. ஆனால் அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசியது புரியவில்லை. கடைசி மூன்று மாதம் நான் அந்த அம்மாவின் சமையலறையில் ஒரு மூலையில் உட்கார்ந்து, அவரும் அவர் நாத்தனாரும் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். யாரும் எனக்கு விளக்கவில்லை. முதல் வாரம் பெயர்கள் மட்டும் புரிந்தன. பிறகு யாரை யார் வைதார்கள் என்பது புரிந்தது. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கறியைக் குறிக்கும் 'வெஞ்சனம்' என்ற சொல்லை எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை. அந்த மூலையில்தான் கேட்டேன். தயவுசெய்து உங்கள் பக்கத்து வீட்டு அக்காவை வாசலில் நிறுத்தி அனுப்பிவிடாதீர்கள். உள்ளே கூப்பிடுங்கள். உங்கள் மாணவிக்கு மொழிபெயர்க்காதீர்கள்.

நெல்லை ஐயா சொன்ன வாசிப்பும் வேண்டும். ஆனால் அவள் படிப்பதைவிட நீங்கள் படித்து அவள் கேட்டால் நன்றாக இருக்கும். தமிழாசிரியர் ஒருவர் வாய்விட்டுப் படிப்பதைக் கேட்கும் வாய்ப்பு எங்களுக்கு எங்கள் ஊரில் கிடைக்காது.

மறுமொழி 6: ஓய்வுபெற்ற தமிழாசிரியை, மதுரை

எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்திப்புகளுக்குப் பிறகு எழுதுகிறேன்.

வீட்டுக்காரத் தங்கை சொன்னபடி கீரையை எடுத்து வைத்தேன். அவள் வந்தவுடன், "வாம்மா, வந்து உக்காரு" என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இன்னக்கி வேற மாதிரி பேசுறீங்க" என்றாள். "வேறு மாதிரி" என்று அவள் சொல்லவில்லை, 'வேற மாதிரி' என்றே சொன்னாள்! எங்கேயோ கேட்டு வைத்துக்கொண்டிருந்ததை என் வீட்டில் சொல்ல இத்தனை நாள் துணியவில்லை போலும். அவளை நூல்நடையில் நிறுத்தி வைத்திருந்தது நான்தான் என்பது அப்போது உறைத்தது.

'எனக்கு' என்ற ஒன்றை மட்டும் திருத்துவது என்று முடிவு செய்துகொண்டேன். முதல் கால் மணி நேரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டது ஐந்து தடவை. அதன் பிறகு எண்ணவில்லை, ஏனென்றால் அவள் தன் பாட்டியைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டாள். மூன்று ஆண்டுகளாகப் பாட்டி அவளைப் பெயர் சொல்லி அழைக்கவில்லையாம், நினைவு தப்பிவிட்டதாம். அந்தக் கதையில் திணை, பால், எண், இடம், காலம் எல்லாமே புரண்டு கிடந்தன. எனக்கு ஒன்றும் விளங்காமல் போகவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண்ணை இரண்டாம் நாள் உள்ளே அழைத்தேன். அவள் அரை மணி நேரம் தன் மருமகளைப் பற்றிப் பேசினாள். மாணவிக்கு எவ்வளவு புரிந்தது என்று நான் கேட்கவில்லை. போகும்போது வாசலில் நின்று, "அந்த மருமக பாவம்" என்று மட்டும் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரியின் காதில் அது விழாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பேரனுக்குக் கடைசிப் பதினைந்து நிமிடம் ஒதுக்கியாயிற்று. வாசிப்பு வரும் வாரம் தொடங்கும். நானே படிக்கப்போகிறேன், எதைப் படிப்பது என்று இரண்டு நாளாக அலமாரியைக் கலைத்துக்கொண்டிருக்கிறேன்.